பெயரை எப்படிச் சொல்வது? வாசகர் கேள்வி – பதில்

பிறமொழிக்காரர்களின் பெயரை நாம் சொல்வதிலும், நம் பெயரை அவர்கள் சொல்வதிலும் வரும் சிக்கல்கள் பற்றி மதுரை, தேனி வட்டாரத்திலிருந்து நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் மேடையில் பெயர் வாசிக்கும் பொறுப்பு எனக்கு. கேரளம், பீகார், வங்காளம், மிசோரம் மாணவர்களும் படிக்கிறார்கள். பட்டியல் முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் வருகிறது. போன ஆண்டு பல பெயர்கள் தப்பாகிவிட்டன. எப்படித் தயாராவது?
— பேராசிரியை, நாகமலை புதுக்கோட்டை

கோளாறு அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. ஆங்கில எழுத்தை மட்டும் பார்த்து ஒரு பெயரின் ஒலியைக் கண்டுபிடிக்க முடியாது. தமிழ்நாட்டில் 'த' ஒலிக்கு 'டி எச்' போடுகிறோம், 'ட'வுக்கு வெறும் 'டி'. வடக்கே 'டி' ஒன்றே இரண்டுக்கும் வரும். 'டி எச்' என்றால் அங்கே மூச்சுக் காற்றோடு சொல்லும் 'த'. அதனால்தான் அமித்தை நாம் 'அமிட்' ஆக்குகிறோம், சுனிதாவை 'சுனிட்டா' ஆக்குகிறோம். நம் கவிதாவையும் முத்துவையும் அவர்கள் காற்று ஊதிச் சொல்கிறார்கள். கேரளத்து ஜோஸும் ஸ்பெயின்காரர் ஹொஸேயும் ஆங்கிலத்தில் ஒரே நான்கு எழுத்துதான்.

ஆகவே விழாவுக்கு ஒரு வாரம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். ஒவ்வொரு மாணவரிடமும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு கேளுங்கள். பெயரை இரண்டு முறை சொல்லச் சொல்லுங்கள்: ஒரு முறை வீட்டில் சொல்கிற வேகத்தில், இன்னொரு முறை அசை அசையாகப் பிரித்து. ஐந்து விநாடி போதும். குழுவில் பொதுவாகக் கேட்டால் பாதிப்பேர் அனுப்ப மாட்டார்கள், தனித்தனியாகக் கேளுங்கள்.

அடுத்து, கேட்டதை உங்கள் கையாலேயே தமிழில் எழுதுங்கள். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. நம் வாயில் இருக்கிற ஒலிகள் எல்லாவற்றுக்கும் நம்மிடம் எழுத்து இல்லை. 'பக்கம்' என்பதில் வருவது ஒரு க, 'பகல்' என்பதில் வருவது வேறு க, 'பங்கு' என்பதில் வருவது இன்னொன்று. தமிழில் இடத்தைப் பார்த்தே ஒலியை மாற்றிக்கொள்வதால் ஒரு எழுத்து போதும். பிறமொழிப் பெயர் அந்த விதிக்குக் கட்டுப்படாது. 'அங்கித்' என்று எழுதினால் நம் வாய் தானாக 'அங்கே' போல மென்மையாக்கிவிடும். அவர் பெயரிலோ க் வன்மையாக வரும். அப்படிப்பட்ட இடத்தில் 'அன்கித்' என்று எழுதிக்கொள்ளுங்கள், வாய் ஏமாறாது. ஹேமந்த்தின் 'ந்த்' 'பந்து' மாதிரி ஆகிவிடாமல் 'ஹேமன்த்' என்று எழுதலாம்.

மற்றவற்றுக்குச் சுலோகப் புத்தகங்களில் இருக்கும் முறையே போதும். மதுரைப் புதுமண்டபத்தில் விற்றுவந்த புத்தகங்களில்கூடப் பார்த்திருப்பீர்கள், எழுத்துக்குப் பக்கத்தில் சின்னதாக 2, 3, 4 என்று எண் இருக்கும். எண் இல்லாவிட்டால் வன்மை. 2 என்றால் வன்மையோடு மூச்சு. 3 என்றால் மென்மை. 4 என்றால் மென்மையோடு மூச்சு. தீபக்கை 'தீ3பக்' என்று குறித்தால், முதல் எழுத்து மென்மை, நடுவில் வரும் 'ப' வன்மை என்று தெரிந்துவிடும். (நாம் வழக்கமாகச் சொல்வது அந்த 'ப'வையும் மென்மையாக்கி.) குஷி 'கு2ஷி', பரத் 'ப4ரத்'. ராகேஷுக்கு எண்ணே வேண்டாம், 'பகல்' க வராமல் 'பக்கம்' க-வை இரட்டிக்காமல் சொன்னால் போதும். மூச்சு சரியாக வருகிறதா என்று பார்க்க, உள்ளங்கையை வாய்க்கு முன் நான்கு விரல் தூரத்தில் வைத்து 'கு2' சொல்லுங்கள். கையில் காற்று பட வேண்டும்.

மிசோ பெயர்களில் ஒரு வசதி உண்டு: ஆண் பெயர் 'அ/ஆ' ஒலியில் முடியும், பெண் பெயர் 'இ/ஈ'யில் முடியும். பட்டியலில் தட்டச்சுப் பிழை இருந்தால் இதை வைத்தே சந்தேகப்படலாம்.

விழா நாளில் பட்டியலைப் பார்த்து வாசிக்காதீர்கள். வரிசையில் ஒருவர் வராவிட்டால் அடுத்து வரும் எல்லோருக்கும் பெயர் மாறிவிடும். நீங்கள் எழுதிய தமிழ் உச்சரிப்போடு ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை கொடுத்து, மேடை ஏறும்போது அவரே உங்கள் கையில் தரட்டும். முந்தின நாள் நின்றபடி, மைக்கில், ஒரு தடவையாவது வாசித்துப் பாருங்கள். உட்கார்ந்து மனதுக்குள் வாசித்த பெயர் நின்று சொல்லும்போது தடுக்கும். தப்பாக வந்துவிட்டால் உடனே சரியாக இன்னொரு தடவை சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போங்கள். மைக்கில் நீளமாக மன்னிப்புக் கேட்டால் அந்தப் பிள்ளைக்குத்தான் சங்கடம்.

கேள்வி: மருத்துவமனை வரவேற்பில் வேலை. "அப்துல்!" என்று கூப்பிட்டால் நான்கு பேர் எழுந்து வருகிறார்கள், சிலர் முகம் சுளிக்கிறார்கள். எப்படிக் கூப்பிடுவது?
— வாசகி, அண்ணாநகர், மதுரை

'அப்துல்' என்பது பாதிப் பெயர். அதில் உள்ள 'உல்' அடுத்த சொல்லோடு சேர வேண்டியது. அப்துல் காதர், அப்துல் ஜப்பார் என்று சேர்த்தே சொல்லுங்கள். அரபியில் ர, ஸ, ந போன்ற எழுத்துகளுக்கு முன்னால் அந்த 'ல்' மறைந்து அடுத்த ஒலியாகவே மாறும், அதனால் சிலர் 'அப்துர் ரஹ்மான்' என்பார்கள். நம் பக்கத்தில் 'அப்துல் ரகுமான்' என்று தம் பெயரைச் சொல்பவர்களும் நிறைய. அவர் எப்படிச் சொல்கிறாரோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஷேக், சையது, முகம்மது ஆகியவை பலருக்கும் முன்னால் வருபவை. அதை மட்டும் சொன்னால் பாதி வரிசை திரும்பும். 'ஷேக் தாவூத்' என்று முழுதாகக் கூப்பிடுங்கள்.

கேட்டுத் தெரிந்துகொள்வதிலும் ஒரு முறை இருக்கிறது. "சரியாச் சொன்னேனா?" என்று கேட்டால் எல்லோரும் மரியாதைக்கு "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள். "உங்க பேரை ஒரு தடவை நீங்களே சொல்லுங்க ஐயா" என்று கேட்டு, பின்னாலேயே நீங்கள் சொல்லி, அவர் இன்னொரு தடவை சொல்வதைக் கவனியுங்கள். இரண்டாவது தடவை எந்த அசையை அழுத்திச் சொல்கிறாரோ, அங்கேதான் நீங்கள் தவறியிருக்கிறீர்கள். இந்திக்காரரிடம் "ஆப்கா நாம் கைஸே போல்தே ஹைங்?", தெலுங்கரிடம் "மீ பேரு எலா பலகாலி?", மலையாளியிடம் "பேரு எங்ஙனெயா பறயுந்நது?" என்று கேட்கலாம். கேட்டதைச் சீட்டின் மேல் மூலையில் தமிழில் எழுதிவிடுங்கள். அடுத்த அறைக்கு அந்தச் சீட்டு போகும்போது அங்கே இருக்கிற நர்ஸும் சரியாகக் கூப்பிடுவார்.

கேள்வி: செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒடிசா, வங்காளக் குடும்பத்துப் பிள்ளைகள் எங்கள் பள்ளியில் சேர்ந்திருக்கிறார்கள். ஒரு பையனின் ஆதாரில் 'பிகாஷ்' என்று இருக்கிறது. 'விகாஷ்' என்று திருத்திவிடவா?
— ஆசிரியர், திருமங்கலம்

திருத்தாதீர்கள். வங்காளத்தில் 'வ' ஒலி 'ப'வாகவே வரும். விவேக் அங்கே 'பிபேக்'. அது எழுத்துப் பிழை இல்லை, அவன் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பள்ளிப் பதிவேட்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி இருந்தால் பின்னால் மாற்றுச் சான்றிதழ் எடுக்கும்போது அந்தக் குடும்பம்தான் அலைய வேண்டும். வங்காளிகளுக்கு 'அ' பல இடங்களில் 'ஒ'வாகும், அமல் 'ஒமொல்' ஆவான். ஒடியாவில் இந்தியைப் போலக் கடைசி உயிரை விழுங்க மாட்டார்கள். இந்தியில் 'ஜகந்நாத்' என்று முடிவது ஒடியாவில் 'ஜொகொன்னாதொ' என்று உயிரோடு முடியும். வருகைப் பதிவில் ஆங்கில எழுத்துக்கூட்டலை அப்படியே வைத்து, பக்கத்தில் பிள்ளை சொல்கிற ஒலியைத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். வாயில் வரவில்லை என்று 'ராஜா', 'பாபு' எனப் பட்டப்பெயர் வைப்பதை மட்டும் தயவுசெய்து செய்ய வேண்டாம். அந்தப் பிள்ளை ஊரிலிருந்து கொண்டுவந்த சொத்தே சிலசமயம் அந்தப் பெயர்தான்.

கேள்வி: மகன் எழில்வேலன் ஜெர்மனியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். அவன் பெயரை என்னென்னவோ சொல்கிறார்களாம். போதாததற்கு அலுவலகக் கடிதத்தில் என் பெயரைப் போட்டு அவனை அழைக்கிறார்கள். ழகரத்தை வெளிநாட்டவருக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா?
— வாசகர், மேலூர்

முடியும். அதற்கு முன்னால் அவர்கள் ஏன் தவறுகிறார்கள் என்று பாருங்கள். ஜெர்மன் மொழியில் 'இசட்' எழுத்து 'ட்ஸ்' என்று ஒலிக்கும். 'வி' பெரும்பாலும் 'ஃப்'. ஆக, 'இசட் எச்' போட்டு எழுதிய எழில்வேலன் அவர்கள் கண்ணுக்கு 'எட்ஸ்ஹில்ஃபேலான்'. தெரிந்த எழுத்தைத் தெரிந்தபடி வாசிக்கிறார்கள், அலட்சியம் ஒன்றும் இல்லை. மின்னஞ்சலில் பெயருக்குக் கீழே உச்சரிப்பு வரி ஒன்று சேர்க்கச் சொல்லுங்கள்: ழ இருக்கும் இடத்தில் 'ஆர்', 'வி' இருக்கும் இடத்தில் 'டபிள்யூ'. ஜெர்மானியர் 'டபிள்யூ'வை வ என்றே சொல்வார்கள்.

நேரில் சொல்லிக்கொடுக்க இப்படிச் செய்யலாம். ஜெர்மன் ர தொண்டையில் பிறப்பது, அதை வைத்து ழ வராது. அமெரிக்கர் ஆங்கிலத்தில் 'ரெட்' சொல்வதுபோல முதலில் சொல்லச் சொல்லுங்கள். அந்த ர-வில் நாக்கு நுனி எங்கும் ஒட்டாது, அதுதான் வேண்டும். இப்போது நுனியை இன்னும் பின்னால், அண்ணத்தின் மேட்டை நோக்கி வளைக்கச் சொல்லுங்கள், தொடக் கூடாது. குரலை நிறுத்தாமல் 'எழ்ழ்ழ்' என்று இரண்டு விநாடி இழுக்கட்டும், பிறகு 'இல்' சேர்க்கட்டும்.

இரண்டு தப்புகள் வரும். நாக்கு அண்ணத்தைத் தொட்டால் 'எளில்' ஆகிவிடும். "நுனியைக் கொஞ்சம் இறக்குங்கள்" என்று சொல்ல வேண்டும். உதடு குவிந்தால் ஆங்கில ர-வோடு வரும் 'வ்' சாயல் ஒட்டிக்கொள்ளும். "சிரிப்பதுபோல உதட்டை விரியுங்கள்" என்றால் சரியாகிவிடும். சீனத்து மாண்டரின் பேசுபவர்களுக்கு இந்தப் பாடமே தேவைப்படாது, அவர்களுடைய ர கிட்டத்தட்ட அங்கேதான் பிறக்கிறது. மலையாளிகளுக்குச் சொல்லவே வேண்டாம். ஆனால் மகனுடைய வாயில் ழ இருக்க வேண்டும்; நம் மதுரைப் பக்கத்துப் பேச்சில் 'வாளப்பளம்' என்பதுதான் அதிகம். முதலில் அவன் சரியாகச் சொல்லிக் குரல் பதிவு செய்துகொள்ளட்டும். லிங்க்ட்இன் தளத்தில் பெயரைப் பத்து விநாடி வரை பதிவுசெய்து வைக்கும் வசதி இருக்கிறது.

உங்கள் பெயர் வருவதற்குக் காரணம் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தில் அப்பா பெயர் இருப்பது. ஜெர்மனியில் மரியாதையாக அழைப்பதென்றால் அந்தக் கட்டத்தில் உள்ளதைத்தான் எடுப்பார்கள். அலுவலகத்தில் "நான் அழைக்கப்படும் பெயர் எழில்வேலன்" என்று எழுதிக் கொடுத்து, மின்னஞ்சலில் தெரியும் பெயரை மாற்றச் சொல்லலாம். இந்தத் தொல்லைக்குப் பயந்து ஒரே கட்டத்தில் முழுப் பெயரையும் போட்டு மற்றதைக் காலியாக விடாதீர்கள். இயற்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் அந்த இடத்தில் 'எஃப் என் யூ' ('முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகும், அப்புறம் அதுவே பெயர்போல எல்லா ஆவணத்திலும் பின்தொடரும்.

கேள்வி: பேத்திக்கு யாழினி என்று பெயர் வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் 'இசட் எச்' போடுவதா, 'எல்' போடுவதா? எண் கணிதம் பார்ப்பவர் இரண்டு எழுத்து கூட்டச் சொல்கிறார்.
— வாசகி, உசிலம்பட்டி

'எல்' போட்டால் உலகம் முழுவதும் 'யாலினி' என்பார்கள். 'இசட் எச்' போட்டால் தமிழரும் மலையாளிகளும் சரியாக வாசிப்பார்கள், மற்றவர்கள் 'யாஸினி' என்பார்கள். எங்கள் கருத்து, 'இசட் எச்' போடுங்கள். கோழிக்கோடு, ஆலப்புழை, கனிமொழி என்று அந்த எழுத்துக்கூட்டல் வெளியே பழகிவருகிறது. தப்பாக வாசித்தாலும் இங்கே ஏதோ தனி ஒலி இருக்கிறது என்று ஒருவர் நின்று கேட்பார். 'எல்' போட்டால் கேட்கவே மாட்டார்.

கூடுதல் எழுத்து வேண்டாம். நல்ல பெயரின் நடுவில் தேவையில்லாமல் ஒரு 'ஈ', கடைசியில் ஒரு 'ஏ' சேர்த்தால், வாசிப்பவர் அதையும் ஒலித்துத்தான் காட்டுவார். பிள்ளை காலம் முழுவதும் "அந்த எழுத்தைச் சொல்ல வேண்டாம்" என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். ஒலிப்புக்காகவே எழுத்து கூட்டுவதும் எளிதல்ல. 2020-ல் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியிட்டு, விமர்சனம் வந்ததும் சில நாளிலேயே திரும்பப் பெற்றது.

முடிவு செய்யும் முன், எழுத்துக்கூட்டலைத் தாளில் எழுதி, நீங்கள் சொல்லிக் காட்டாமல், ஒரு மலையாளியிடமும் ஒரு வட இந்தியரிடமும் வாசிக்கக் கொடுங்கள். அவசரமும் வேண்டாம். பிறப்புப் பதிவில் 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம், தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை இடம் உண்டு.

கேள்வி: நாயக்கர் மகாலிலும் கோயிலிலும் வழிகாட்டியாக இருக்கிறேன். ஜப்பான், கொரியா, சீனா, வியட்நாம், பிரான்ஸ் ஆட்கள் வருகிறார்கள். அடிப்படையாக என்ன தெரிந்திருக்க வேண்டும்?
— வாசகர், தெற்கு மாசி வீதி

ஜப்பானியப் பெயர்கள் தமிழருக்கு மிக எளிது. குறில் நெடில் அவர்களுக்கும் உயிர்நாடி. ஒனோ என்பதும் ஓனோ என்பதும் இரண்டு வேறு குடும்பப்பெயர். ஆங்கில எழுத்தில் பல நேரம் இரண்டும் ஒன்றாகவே தெரியும், உங்கள் காது பிரித்துவிடும். கடைசி உயிரை விழுங்காதீர்கள்: ஷின்ஸோ அபே, 'ஏப்' இல்லை. குடும்பப்பெயரோடு 'சான்' சேர்த்து அழைத்தால் மரியாதை.

கொரிய மொழியில் சொல்லின் நடுவில் க, த, ப மென்மையாவது தமிழைப் போலவே நடக்கும். எழுத்துக்கூட்டல்தான் ஏமாற்றும். 'பார்க்' என்று எழுதுவதில் ர் ஒலியே கிடையாது, 'பாக்' என்று சொல்ல வேண்டும். 'லீ' என்று எழுதுவது 'ஈ', 'சோய்' என்று எழுதுவது 'ச்வே'. குடும்பப்பெயருக்குப் பின்னால் வரும் இரண்டு அசையும் சேர்ந்து ஒரே பெயர், பாதியை வெட்டிக் கூப்பிடக் கூடாது.

சீனப் பெயரில் 'எக்ஸ்' என்றால் நாக்கை முன்னால் வைத்துச் சொல்லும் ஷ, 'கியூ' என்றால் காற்றோடு ச்ச, 'சி' என்றால் த்ஸ. 2019 அக்டோபரில் மாமல்லபுரம் வந்த சீன அதிபரை நம் பத்திரிகைகள் பல 'ஜி ஜின்பிங்' என்று எழுதின. அது ஷீ ஜின்பிங். ஷீ என்பதுதான் குடும்பப்பெயர், முன்னால் வரும்.

வியட்நாமில் மிகப் பரவலான குடும்பப்பெயர் 'ங்வியென்'. ஐரோப்பியர் திணறும் இந்த ஒலி நம்மிடம் இருக்கிறது. 'அங்ஙனம்' என்று சொல்லிப் பாருங்கள், 'ங'வில் நில்லுங்கள். பிறகு 'அங்வியென்' என்று சொல்லி, அந்த 'அ'வை ஒவ்வொரு தடவையும் தேய்த்துக்கொண்டே வந்து கடைசியில் விட்டுவிடுங்கள். கால்பந்து வீரர் ம்பாப்பேயின் பெயருக்கும் இதே வழி, 'அம்பாப்பே'யில் ஆரம்பித்து 'அ'வைத் தேய்க்க வேண்டும். ஆனால் ங்வியென் என்று வியட்நாம்காரரைக் கூப்பிடாதீர்கள். அங்கே பெயரின் கடைசிப் பகுதியைச் சொல்லித்தான் அழைப்பது வழக்கம்.

பிரெஞ்சில் கடைசி மெய்யைப் பெரும்பாலும் சொல்வதில்லை: ரொபேர், பெர்னார், லுயி. அயர்லாந்துக்காரர் வந்தால் ஊகிக்கவே வேண்டாம், கேட்டுவிடுங்கள். எழுத்தைப் பார்த்து 'சியோபான்' என்று தோன்றுவது 'ஷிவோன்', 'நியாம்' என்று தோன்றுவது 'நீவ்'.

கேள்வி: முல்லைப் பெரியாறு அணை கட்டியவருக்கு விழா எடுக்கிறோம். பென்னிகுயிக்கா, பென்னிகுக்கா? பேனரில் எப்படிப் போடுவது?
— இளைஞர் மன்றம், கம்பம்

இந்தப் பெயரில் ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குப் பக்கத்தில் ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் 'பெனிகுக்' என்பார்கள். ஆங்கிலேயரிடையே இந்தக் குடும்பப்பெயருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிப்பு உண்டு. 1895-ல் அணைப் பணி முடிந்ததிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்கும் கடைகளுக்கும் வைத்து நிலைத்துவிட்ட வடிவம் பென்னிகுயிக். தமிழில் அதையே போடுங்கள். மதுரையில் மாரட் வீதியும் இப்படித்தான், ஆங்கிலேய நில அளவையாளரின் பெயர் நம் வாய்க்கு வந்து வீதியின் பெயராகிவிட்டது. அதை இனி மாற்ற வேண்டியதில்லை. பேனரில் ஆங்கிலத்திலும் பென்னிகுயிக் பெயர் வருமானால் அந்த ஸ்காட்லாந்து ஊரின் எழுத்துக்கூட்டலைப் பார்த்து எழுதாதீர்கள். ஊருக்கு ஒரு 'என்', நடுவில் 'ஐ', கடைசியில் 'கே' மட்டும். பொறியாளர் பெயரில் இரண்டு 'என்', நடுவில் 'ஒய்', கடைசியில் 'சி கே'.